மொய்யை ஜிபேயில் வாங்கினாலும் நோட்டில் ஏற்றுங்கள்

உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்து விசேஷங்களில் மொய் மேசையிலும் க்யூஆர் அட்டை வந்துவிட்டது. சில்லறைத் தொல்லை இல்லை, ராத்திரியில் பணக்கட்டோடு வீடு திரும்பும் பயமும் இல்லை. நல்லதுதான். ஆனால் அட்டையை மட்டும் நம்பினால், வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யும் செய்முறை அறுந்துபோகும்.

மொய் நோட்டில் முதலில் ஊர். பிறகு இனிஷியலோடு பெயர், தேவைப்பட்டால் பட்டப்பெயர். தொகை கடைசியில்தான். ஒரே ஊரில் நாலு பாண்டி, மூணு முத்து இருப்பார்கள். யூபிஐயில் வருவது வங்கிக் கணக்கின் பெயர் மட்டும். மகன் போனிலிருந்து போட்டிருந்தால் அதுவும் வேறு பெயர். சில வருஷம் கழித்து அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகும்போது 'பாண்டி, 1001' என்பதை வைத்து எந்த வீட்டுக்குத் திருப்பிச் செய்வது? செய்யாமல் விட்டால் மறதி என்று யாரும் நினைக்கமாட்டார்கள், மதிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

ஸ்கேன் செய்தவரும் எழுதுபவரிடம் வந்து ஊர், பெயர் சொல்லட்டும். பக்கத்தில் 'ஜிபே' என்று குறித்து, பணம் அனுப்பியதும் போனில் வரும் 12 இலக்க யூடிஆர் எண்ணில் கடைசி நாலையும் எழுதிவையுங்கள். மண்டபத்தில் சிக்னல் திணறினால் அவர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், இங்கே வந்திருக்காது. நாலு பேர் முன்னால் "வரலையே" என்று சொல்லிவிடாதீர்கள். எண் இருந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பணம் வந்து சேரும் போன் மணமேடையில் இருக்கும் அப்பாவின் சட்டைப்பையில் கிடக்கக்கூடாது, மொய் மேசையில் இருக்கவேண்டும்.

பத்திரிகைப் படத்திலேயே க்யூஆர் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வராமலே கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நாமே சொல்வதாகிவிடும். திருப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் கேட்டால் தனியாக அனுப்புங்கள். பணம் வந்த அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள்.

அழைப்பில்தான் மனத்தாங்கல் அதிகம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதிலும் உங்கள் நம்பரைப் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். கூடப் படித்தவர் போன் மாற்றும்போது உங்கள் நம்பர் அழிந்திருந்தால் பத்திரிகை போயே சேராது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அவர் வருத்தப்படுவார். நீங்களோ அனுப்பிவிட்டதாகவே நினைத்திருப்பீர்கள். செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பாருங்கள், யார் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். சேராதவர்களை அன்றைக்கே கூப்பிடுங்கள். தாய்மாமன் வீட்டுக்கும் அக்கா தங்கச்சி வீட்டுக்கும் தாம்பூலத் தட்டோடு நேரில்தான் போகவேண்டும், அதில் பேச்சே இல்லை.

கம்ப்யூட்டர் மொய் எழுதினால் ஊர்வாரியாகப் பிரித்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி தனித்தனி அடுப்பு வைக்கும்போது எந்தச் செய்முறை யாருக்கு என்று பிரிக்க அந்தத் தாள்தான் வேண்டும். ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.