ஒரே பாடவேளையில் 40 விக்கிப்பீடியா கணக்குகள் நடக்காது
“கணினி ஆய்வகத்தில் ஒரே பாடவேளையில் 40 மாணவர்களும் விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கிக் கட்டுரை எழுதிவிடலாம்” என்கிறார், பள்ளி மாணவர்களை விக்கிப்பீடியாவில் எழுத வைப்பது பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். ஏழாவது மாணவரிலேயே வண்டி நின்றுவிடும். ஆய்வகம் முழுவதும் ஒரே ஐ.பி. முகவரியில்தான் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வெளியே தெரியும். ஒரு முகவரியிலிருந்து 24 மணி நேரத்தில் 6 கணக்குகளுக்கு மேல் விக்கி அனுமதிப்பதில்லை. ஒரு வாரம் முன்பே வீட்டில் கைபேசி இணையத்தில் தொடங்கிவரச் சொல்லுங்கள், அல்லது விக்கியை நடத்தும் விக்கிமீடியாவிடம் முன்கூட்டியே விலக்கு கேளுங்கள். பள்ளிப் பெயரில் ஒரே கணக்கைப் பகிர்வது விதிமீறல், யார் எதை எழுதினார்கள் என்பதும் தெரியாது. முதல் நாளே புதுக் கட்டுரை வேண்டாம். மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கான பக்கம்) நான்கு வரி எழுதட்டும், பிறகு ஏற்கெனவே உள்ள கட்டுரையில் ஒரு மேற்கோள் (தகவலுக்கான ஆதாரம்) சேர்க்கட்டும். பாடநூல் பத்தியை அப்படியே ஒட்டினால் பதிப்புரிமை மீறல் என்று நீக்கிவிடுவார்கள் (பையன்கள் முதலில் செய்வது அதைத்தான்). ஒரே பத்தியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் கைவைத்தால் ஒருவர் மாற்றம் மற்றவர் மாற்றத்தோடு மோதும், அதாவது தொகுப்பு முரண்பாடு வரும். ஆளுக்கொரு கட்டுரை கொடுத்துவிடுவது நல்லது. இன்னொருவர், கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் (யார் எப்போது மாற்றினார்கள் என்ற பட்டியல்) ஒவ்வொரு மாற்றத்துக்கும் காட்டும் பைட் எண்ணிக்கையை, அதாவது எழுத்துகள் பிடிக்கும் கணினி இட அளவை வைத்து மதிப்பெண் போடலாம் என்கிறார். அது ஏமாற்றும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘தமிழ்’ என்ற ஒரே சொல் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள்) 15 பைட் பிடிக்கும், ஆங்கிலத்தில் அதே 15 பைட்டில் இரண்டு மூன்று சொற்கள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, வெறும் வார்ப்புரு (முன்பே தயாரான தகவல் சட்டகம்) ஒன்றை ஒட்டியவருக்கு +2,000 காட்டும், பிழை திருத்தியவருக்கு −3 காட்டும். இரண்டு பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைத் திறந்து படித்துத்தான் மதிப்பிட வேண்டும்.