பிள்ளையின் முகம் பார்க்க எதற்குப் பணம்?

அரசு மருத்துவமனையில் நோயாளியின் வீட்டார் கொடுக்கும் நூறு, இருநூறு ரூபாயை "டீ காசு" என்று சொல்லிக் கடந்து போகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. நன்றாகப் படித்தவர்கள், இரக்க குணம் உள்ளவர்கள்கூட, "பாவம், அவங்களுக்கும் சம்பளம் கம்மி, சந்தோஷத்துல குடுக்கறதுதானே" என்கிறார்கள். சந்தோஷத்தில் கொடுக்கிற பணத்துக்கு இன்ன வேலைக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்காது. கொடுக்க மறுத்தால் ஸ்ட்ரெச்சர் வராந்தாவிலேயே நிற்கவும் நிற்காது. இரண்டும் நடக்கின்றன என்றால், அது ரசீது இல்லாமல் வசூலிக்கப்படும் கட்டணம்தான். இலவசம் என்று அரசு அறிவித்த சிகிச்சைக்கு, அதை நம்பி வந்த ஏழையிடம் வாங்கப்படும் கட்டணம்.

வீல்சேர் கொண்டு வர, பிரசவத்துக்கு முன் எனிமா கொடுக்க, அறுவை சிகிச்சை முடிந்தவரை வார்டுக்கு மாற்ற, பிறந்த குழந்தையைக் காட்ட, கடைசியில் பிணவறையிலிருந்து உடலைத் துணி சுற்றித் தர என்று, மருத்துவமனைக்குள் ஒரு மனித உடல் நகரும் ஒவ்வோர் இடத்திலும் யாராவது கை நீட்டுகிறார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 319 ரூபாய். குழந்தையைக் காட்ட 500 ரூபாய் கேட்டால், அந்தக் குடும்பத்துப் பெண் ஒன்றரை நாளுக்கு மேல் வெயிலில் மண் வெட்டிய கூலியைக் கேட்கிறார்கள் என்று பொருள். நமக்கு டீ காசாகத் தெரிவது அவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை.

உறவுக்காரப் பெண் ஒருத்தியின் பிரசவத்துக்காக ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயாம்மா துண்டில் சுற்றிய குழந்தையோடு கதவருகே வந்து, பெயரைக் கூப்பிட்டு, துணியை முகத்திலிருந்து பாதி விலக்கிக் காட்டி, அப்படியே நின்றார். பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து நீட்டினார். "ஆம்பளப் புள்ளைக்கு இவ்ளோதானா பாட்டி? உள்ள நாலு பேரு இருக்கோம்" என்றார் ஆயாம்மா. குரலில் அதட்டல் இல்லை. தினமும் சொல்லிப் பழகிய சாதாரணக் குரல். குழந்தையின் தகப்பன் எதிர் பெஞ்சில் இருந்தவரிடம் போய்த் தணிந்த குரலில் கடன் கேட்டார். அந்தப் பணம் கைக்கு வந்த பிறகுதான் துணி முழுவதும் விலகியது. தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்கக்கூட அந்த நேரத்தில் அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெண் குழந்தை என்றால் தொகையைக் குறைத்துக் கேட்பது இங்கே பலரும் அறிந்த வழக்கம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டு வந்த மாநிலம் இது. அதே மாநிலத்தின் பிரசவ வார்டில், பிறந்து அரை மணி நேரம்கூட ஆகாத பெண் குழந்தைக்கு முதலில் வைக்கப்படும் விலையே ஆணைவிடக் குறைவு என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இதைச் சொல்வதால் அரசு மருத்துவமனைகளை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலை ஒழுங்குபடுத்தி, மாத்திரைக்காக ஏழைகள் வெளிக்கடைக்கு ஓடுவதைப் பெருமளவு குறைத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு, வீடு திரும்ப வாகனம் எல்லாமே இலவசம் என்று 2011இல் மத்திய அரசும் தனித் திட்டமாக அறிவித்தது. இவ்வளவு செய்த பிறகும் பணம் கைமாறுகிறது என்றால், அது மருந்துக்காகவோ கருவிக்காகவோ கைமாறவில்லை. நோயாளிக்கும் சிகிச்சைக்கும் நடுவே ஒரு கதவோ, சக்கர நாற்காலியோ, ஒரு ஜோடிக் கைகளோ தேவைப்படும் இடங்களில்தான் கைமாறுகிறது. அந்த இடங்களில் யாரை, என்ன கூலிக்கு நிறுத்தியிருக்கிறோம் என்பதை நாம் கேட்பதே இல்லை.

துப்புரவு, காவல், நோயாளிகளை இடம் மாற்றும் வேலை ஆகியவற்றில் பெரும்பகுதி இன்று ஒப்பந்த நிறுவனங்களிடம் இருக்கிறது. ஆட்சியர் நிர்ணயித்த கூலி முழுதாகக் கிடைக்கவில்லை, பிடித்தம் செய்த பி.எஃப். கணக்கில் ஏறவில்லை என்று மருத்துவமனை வாசலில் ஒப்பந்தப் பணியாளர்கள் அமர்ந்து போராடுவது பல மாவட்டங்களில் திரும்பத் திரும்பக் காணும் காட்சி. அந்த ஆயாம்மா செய்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரை மட்டும் பணிநீக்கம் செய்து, செய்தித்தாளில் படம் போட்டுவிட்டு, அவருடைய கூலியில் கை வைத்த ஒப்பந்ததாரரை அடுத்த டெண்டருக்கும் அழைப்பது அதைவிடப் பெரிய தவறு. நோயாளி கொடுக்கும் 500 ரூபாய் உண்மையில் அந்த ஒப்பந்ததாரர் கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதி.

மருத்துவர்கள் பக்கமும் ஒன்று உண்டு. அலுவல் நேரம் முடிந்த பிறகு தனியாக நோயாளிகளைப் பார்க்க இங்கே அரசு மருத்துவர்களுக்கு அனுமதி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை நேர்மையாகவே செய்கிறார்கள். ஆனாலும், "முதல்ல டாக்டரோட கிளினிக்ல போய்ப் பாத்துட்டு வந்துருங்க, அப்பதான் ஜி.எச்.ல நல்லா கவனிப்பாங்க" என்ற யோசனையைக் கேட்காத குடும்பம் இருக்காது.

சட்டம் என்ன செய்கிறது? ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் மட்டுமே தப்பலாம். சிசேரியன் தையல் பிரிக்காத பெண்ணும், பச்சைக் குழந்தையோடு அலையும் அவள் வீட்டாரும், அடுத்த தடுப்பூசிக்கு அதே மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும் என்ற அச்சத்தோடு, ஏழு நாட்களுக்குள் எந்த அலுவலகத்தின் படியேறுவார்கள்? கேட்டு வாங்கியவரையும் வேறு வழியின்றிக் கொடுத்தவரையும் அருகருகே நிறுத்தும் சட்டம் புகார்களைத்தான் குறைக்கும்.

ஹங்கேரியில் மருத்துவருக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் வழக்கம் கம்யூனிச ஆட்சிக் காலத்திலிருந்தே வேரூன்றியிருந்தது. சம்பளத்தை அரசு குறைவாக வைத்து, மீதியை நோயாளியிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று கண்டும் காணாமல் விட்டதே அதற்கு முக்கியக் காரணம். 2020 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 2021 ஜனவரி முதல் உறை கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாயின. கூடவே மருத்துவர்களின் சம்பளம் படிப்படியாகப் பெரிய அளவில் உயர்த்தப்பட்டது. உறையை ஒழிக்க வேண்டும் என்று மருத்துவர்களின் அமைப்பே கேட்டிருந்தது. செவிலியர்களுக்கு அதே அளவு உயர்வு இல்லை என்ற மனக்குறை அங்கே இன்னும் இருக்கிறது. ஆகவே குறையே இல்லாத முன்மாதிரி என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் தண்டனையும் சம்பளமும் ஒன்றாக வந்தன. நம்மிடம் தண்டனை மட்டும் தனியாக வந்திருக்கிறது.

எனவே ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த மாதம் சேர வேண்டிய கூலியும், உண்மையில் சேர்ந்த கூலியும் மருத்துவமனைப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறேன். வீல்சேர்களைப் பூட்டி வைக்காமல், உறவினரே எடுத்துத் தள்ளும்படி வாசலில் வரிசையாக நிறுத்த வேண்டும் என்று கேட்கிறேன். இவற்றைவிட முக்கியமாக இன்னொன்று இருக்கிறது. பிரசவ நேரத்தில் தாயோடு உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலேயே அனுமதித்தது. தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு அதற்கும் முன்பே உண்டு. அம்மாவோ அக்காவோ உள்ளே நின்று குழந்தையைக் கையில் வாங்கிவிட்டால், கதவருகே வந்து துணியைப் பாதி விலக்கிக் காட்ட யாருக்கும் வேலை இருக்காது. ஆனால் கூட்டம், இடமில்லை, தொற்று வந்துவிடும் என்று சொல்லிப் பல இடங்களில் உறவினரை வெளியே நிறுத்துகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர், செவிலியர் நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் பிரசவ வார்டில் இப்போது துணைக்கு ஒருவரை உள்ளே விடுகிறீர்களா, விடவில்லை என்றால் எது தடுக்கிறது என்று எழுதுங்கள்.