காரின் உயரத்தைக் குறைத்தால் மட்டும் வளைவில் டயரின் பிடி அதிகரிக்காது

"முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டாவை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவு நன்றாகத் திரும்பும்" என்று இரண்டு இருக்கை கொண்ட அந்தச் சிறிய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி உயரத்தைக் குறைக்க யாரும் ஸ்பிரிங்கை வெட்டிவிட வேண்டாம்.

1989-இல் வந்த அந்தக் காரில் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசைய இடமே குறைவு. அளவுக்கு மீறி இறக்கினால் வளைவின் நடுவிலேயே பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அசைவின் எல்லையில் இருக்கும் தடுப்பு ரப்பர்) போய் இடிக்கும். அந்த நொடியில் அந்தப் பக்கம் கட்டைபோல் இறுகி, டயர் பிடியை விட்டுவிடும். பின்சக்கரத்தில் இது நடந்தால் கார் சுழலக்கூடும். ஈரச் சாலையில் இன்னும் ஆபத்து.

கொஞ்சம் இறக்கினாலும் கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) இரண்டும் மாறிவிடும், இந்தக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கட்டாயம். நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு) இருப்பதால் பின்பக்கமும் சரிசெய்யலாம், முன்பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். துருப்பிடித்து இறுகிய அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை முதலில் விடுவிக்க வேண்டியிருக்கும், பொறுமை தேவை.

என்னைக் கேட்டால் பணத்தை முதலில் நல்ல டயர், புது புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), புது டேம்பரில் (ஷாக் அப்சார்பர்) போடுங்கள். முப்பது வருட ரப்பரை வைத்துக்கொண்டு எந்த அலைன்மென்ட்டும் நிற்காது. டயர் காற்று நிறுவனம் சொன்ன 26 பிஎஸ்ஐயில் தொடங்கட்டும்.