அப்பத்தாவை ‘ஷேலோ’ என்று எழுதிய மாணவி

பாம்பனில் மாலை வேளைகளில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அப்பத்தாவைப் பற்றிய கட்டுரையில் அவரை ‘ஷேலோ’ (shallow) என்று பாராட்டியிருந்தாள். காரணம் கேட்டேன். “அப்பத்தா மனசுல எதையும் ஒளிச்சு வைக்காது டீச்சர், அதான்” என்றாள்.

அவளுடைய வழிகாட்டி நூலில் அந்தச் சொல்லுக்கு நேரே ‘ஆழமற்ற’ என்று மட்டுமே அச்சாகியிருந்தது. நம் பக்கத்தில் ‘அவன் ஆழமான ஆள்’ என்றால், உள்ளே என்ன நினைக்கிறான் என்பது பிடிபடாதவன், சற்று எச்சரிக்கையாகப் பழக வேண்டியவன் என்று பொருள். அப்படியானால் ஆழமற்றவர் வெள்ளந்தியானவராகத்தானே இருக்க வேண்டும்? அவள் யோசித்ததில் பிழையே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரை ஷேலோ என்றால் அது வசை: எதையும் ஊன்றி நினைக்காதவர், பகட்டைத் தாண்டி எதையும் பார்க்காதவர்.

கடலுக்கு அதே சொல்லைச் சொன்னால் வசையில்லை. மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆழமாகிறது. பாம்பனுக்கு வடக்கேயுள்ள பாக் விரிகுடாவோ சில பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழமே கொண்டது. அதுதான் ஷேலோ. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள திட்டுகளைக் கடக்க முடியாமல்தான் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிப் போகின்றன. 2005இல் தொடங்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம், அங்கே 12 மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் தோண்டுவதற்கானது. திட்டைக் குறிக்கும் ‘ஷோல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்.

பாத்திரத்துக்கும் இச்சொல் வரும். நாம் வாயகன்ற கிண்ணம் என்று அகலத்தைச் சொல்லுமிடத்தில், ஆங்கிலம் பெரும்பாலும் ஆழத்தைப் பார்த்து ஷேலோ என்கிறது. நகரை மீனைத் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வறுப்பது ‘ஷேலோ ஃப்ரை’. நுரையீரல் நிறையாமல் சிறிது சிறிதாக இழுக்கும் மூச்சும் ஷேலோதான். ஆனால் சம்பளம், விலை, குரல் ஆகியவை எவ்வளவு குறைந்தாலும் அங்கே இந்தச் சொல் நுழையாது. அவற்றுக்கு ‘லோ’ இருக்கிறது.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, பெயரடைக்கு ஒற்றைத் தமிழ்ச்சொல்லை எழுதிப்போடாமல், அது எந்தெந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்பதையும் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுங்கள். அந்த மாணவியின் நோட்டில் நான் சிவப்பு மையால் அடிக்கவில்லை. கடல், கிண்ணம், மூச்சு, மனிதர் என்று நான்கு வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். அப்பத்தாவுக்கு, ஒளிவுமறைவில்லாதவர் என்று பொருள்படும் ‘ஃபிராங்க்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். அவள் அதைத் தன் கையாலேயே திருத்தி எழுதிக்கொண்டாள்.