12.6 வோல்ட் காட்டினால் டெர்மினல் நல்லது என்று அர்த்தமில்லை
வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது, “மீட்டரில் 12.6 வோல்ட் வருகிறது, அதனால் இணைப்பில் கோளாறு இல்லை, பேட்டரியை மாற்றுங்கள்” என்று சொல்வது தவறு. சும்மா நிற்கும்போது மின்னோட்டம் அநேகமாக இல்லை. வெள்ளையாகப் பூத்துப்போன டெர்மினலும் (பேட்டரியில் கேபிள் மாட்டும் இடம்) முழு வோல்ட்டைக் காட்டும். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.01 ஓம் தடையே 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் (அதைப் பிடித்திருக்கும் கேபிள் முனையான கிளாம்பில் அல்ல, பலரும் தவறுவது இங்கேதான்) மறுமுனையைக் கிளாம்பிலும் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்த இணைப்புதான் குற்றவாளி. பிறகு நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவே அதேபோல ஸ்டார்ட் செய்யும்போது அளந்து பாருங்கள், 0.2, அதிகபட்சம் 0.3 வோல்ட் வரலாம். மீறினால் எர்த் கேபிள் (நெகட்டிவ் கேபிள்) வண்டியின் உடலில் மாட்டியிருக்கும் மறுமுனையைப் பாருங்கள். பெயின்ட், துரு, தளர்ந்த போல்ட் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். குலுங்கும்போது மட்டும் பவர் போய் வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

சுத்தம் செய்யக் கேபிளைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். சமையல் சோடா கரைசல், கம்பி பிரஷ், இறுக்கிய பின் மேலே வாஸ்லின், அவ்வளவே. இன்ஜின் ஓடும்போது கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். வோல்ட் எகிறி ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கெடுக்கலாம்.