உழைத்த நாளின் சம்பளத்தைப் பிணையாக வைக்காதீர்கள்

என் சித்தி மகள் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து நான்காவது மாதம் ராஜினாமா செய்தாள். நேர்காணலில் சொன்ன வேலை ஒன்று, உள்ளே போனதும் கொடுத்த வேலை வேறு. ஆறு மாதம் ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்), அதற்குள் யார் விலக்கினாலும் விலகினாலும் 15 நாள் நோட்டீஸ் என்று நியமனக் கடிதத்தில் இருந்தது. அந்த 15 நாளும் ஒழுங்காகப் போய் வேலை பார்த்தாள். லேப்டாப், ஐடி கார்டு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, போன மாசச் சம்பளத்தையும் ஹோல்டு பண்ணிட்டாங்க" என்று போனில் அழுதாள். கம்பெனி பாலிசிப்படி எல்லோருக்கும் 60 நாள் நோட்டீஸாம். மீதி 45 நாளுக்கு இவள் பணம் கட்ட வேண்டுமாம், கட்டினால்தான் ரிலீவிங் லெட்டராம், அதாவது வேலையிலிருந்து முறைப்படி விடுவித்ததாகத் தரும் கடிதம். ஒன்றரை மாதச் சம்பளம் வர வேண்டிய பெண் கடைசியில் கடன்காரி.

எனக்கு இதில் ஆறவே மாட்டேன் என்கிறது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் 15 என்று இருக்கும்போது, அவள் கண்ணிலேயே காட்டாத பாலிசி எங்கிருந்து வந்தது? ப்ரொபேஷன் என்றால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளும் காலம்தானே. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41வது பிரிவில், தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை செய்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நான்கு மாதப் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. நிறுவனம் சுலபமாக அனுப்பலாம், அவள் போவதென்றால் மட்டும் 60 நாளா?

சரி, அவள் உண்மையிலேயே நோட்டீஸ் குறைவாகக் கொடுத்திருந்தால்? ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கு வர வேண்டியதைக் கேட்கலாம், அது நியாயம். ஆனால் அது தனிக் கணக்கு. ஏற்கெனவே உழைத்து முடித்த நாளின் சம்பளம் அவளுடையது, அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது.

பழைய 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் வேலை முடிந்து இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற கெடு நிறுவனமே நீக்கியவர்களுக்குத்தான். அதுவும் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 17வது பிரிவு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்கிறது. சம்பள வரம்பும் இல்லை. எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்று 18வது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது, 'நோட்டீஸ் பாக்கி' என்று தனியாக ஒரு வரியை அதில் நான் பார்க்கவில்லை. மொத்தப் பிடித்தமும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இவளுக்கோ முழுச் சம்பளமும் நின்றுவிட்டது.

பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை என்றால், ரிலீவிங் லெட்டர் பயம். அடுத்த கம்பெனியின் சரிபார்ப்பில் 'சொல்லாமல் ஓடியவர்' என்று எழுதிவிடுவார்களோ என்று நடுங்குகிறார்கள். எத்தனையோ பேர் அந்த ஒரு தாளுக்காகக் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன்: ராஜினாமா மெயில் போடும் முன்பே நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் சொந்த மெயிலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மெயிலைப் பூட்டிவிட்டால் அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது. போனில் பேசுவதை எல்லாம் மெயிலிலும் எழுதுங்கள்.

நாங்கள் அதைத்தான் செய்தோம். நியமனக் கடிதத்தின் அந்த வரியையும் 17வது பிரிவையும் போட்டு ஒரு மெயில். பதில் இல்லை. பத்து நாள் கழித்து, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகப்போகிறோம் என்று இன்னொரு மெயில். நான்காம் நாள் ரிலீவிங் லெட்டரும் பணமும் வந்தன. ஐடி கார்டைத் திருப்பித் தரவில்லை என்று 500 ரூபாய் பிடித்திருந்தார்கள். கார்டை வாங்கிக்கொண்டதற்கு அவர்களே கையெழுத்துப் போட்ட சீட்டு அவளிடம் இருக்கிறது. "போகட்டும் விடுக்கா" என்றாள். நான் விடவில்லை, சீட்டைப் படம் எடுத்து நேற்று ராத்திரி மூன்றாவது மெயில் போட்டிருக்கிறோம்.