ஆர்ஓ கழிவுநீரை மழைநீர்க் குழியில் விடாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மிஷினிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று அந்தக் குழாயை, மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் மழைநீர்க் குழிக்குள் இறக்கியிருந்தால், இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். எண்ணம் நல்லதுதான். நம் ஊருக்கு அது ஆகாது.

நம் போர்வெல் தண்ணீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகமாக இருப்பது ஊரறிந்த விஷயம். அதற்காகத்தானே காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள போர்த் தண்ணீர் 3 லிட்டர் மிஷினுக்குள் போகிறது என்று வையுங்கள். 1 லிட்டர் குடிக்க வருகிறது, 2 லிட்டர் கழிவாகப் போகிறது. உள்ளே போன 6 மில்லிகிராமும் ஏறக்குறைய அப்படியே அந்த 2 லிட்டரில்தான் இருக்கும். அதாவது லிட்டருக்கு 3. குடிநீருக்கு அதிகபட்ச வரம்பே 1.5தான். அந்தத் தண்ணீரைக் குழியில் விட்டால் பாறை வெடிப்பு வழியே இறங்கி, பக்கத்து போரில் திரும்ப மேலே வரும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.

அதைத் தனி டேங்கில் பிடித்து, தனி பைப்பில் கழிவறை ஃப்ளஷுக்குக் கொடுங்கள். தரை கழுவலாம். செடிகளுக்கு வேண்டாம், உப்பு தங்கிவிடும். ஓகேனக்கல் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலப்பதும் கூடாது. நல்ல தண்ணீரைக் கெடுத்துவிட்டு அதையே மறுபடி ஆர்ஓவில் சுத்தம் செய்வது என்ன கணக்கு?

குழிக்கு மொட்டைமாடி மழை மட்டும்தான் போகவேண்டும். மைதானத்துச் சேறு இறங்கினால் வெடிப்புகள் அடைத்துக்கொள்ளும். முதல் மழையின் அழுக்கை ஒதுக்க 4 அங்குல பைப்பில் ஒரு துண்டு செருகிவிட்டுப் போகிறார்கள். அது மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். 100 சதுர மீட்டர் மாடியில் முதல் 1 மில்லிமீட்டர் மழையே 100 லிட்டர். அங்கே 200 லிட்டர் டிரம்தான் சரி. வடிகட்டியில் அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் நைலான் வலை, கடைசியாக ஆற்று மணல். வலை போடாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி அடைத்துவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் மேல் மணலை 2 அங்குலம் வழித்து மாற்றுங்கள்.

ஆனால் குழி வெட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. 1000 சதுர மீட்டர் மாடி, ஆண்டுக்கு 800 மி.மீ. மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் என்றால் கிடைப்பது 6,40,000 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 500 பேர் தங்கும் விடுதிக்கு ஒரு நாளைக்கு 67,500 லிட்டர் வேண்டும். ஒரு வருட மழை பத்து நாளைக்குக்கூட வராது. ஒழுகலை அடைக்காமல் எத்தனை குழி வெட்டியும் பயனில்லை.

இரவு 1 மணிக்கு ஒருமுறை, 4 மணிக்கு ஒருமுறை விடுதிக்குப் போகும் மீட்டரைப் பாருங்கள். எல்லோரும் தூங்கும்போதும் முள் நகர்ந்தால் ஒழுகல்தான். பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்கில் இருக்கும். டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீங்கானில் நீலம் இறங்கினால் அடி வாஷர் போய்விட்டது. நம் கடின நீரில் வாஷர்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, சரியாக உட்காராமல் தூக்கி நிற்கும். எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். ரப்பர் விறைத்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.

கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை ஒவ்வொரு போரின் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுத்து, ஃபுளோரைடு அளவை அந்தந்த மோட்டார் அறைச் சுவரில் பெயிண்டால் எழுதிவையுங்கள். எந்தத் தண்ணீரை எதற்குத் திறப்பது என்று வால்வைத் திருப்புகிறவருக்குத் தெரியவேண்டும்.